ஆர்.சி. வண்டியும் அதன் டிரான்ஸ்மிட்டரும்

ரேடியோ அலையில் ஓடும் மின்சாரப் பொழுதுபோக்கு வண்டி காராக இருந்தாலும் லாரியாக இருந்தாலும் படகாக இருந்தாலும் நான்கு கருவிகளின் கூட்டு. ஓட்டுபவர் கையில் டிரான்ஸ்மிட்டர், வண்டிக்குள் ரிசீவர், திசை திருப்ப சர்வோ, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க இ.எஸ்.சி. எனப்படும் வேகக் கட்டுப்படுத்தி. விரலின் அசைவை டிரான்ஸ்மிட்டர் எண்ணாக மாற்றி அலையில் ஏற்றுகிறது. ரிசீவர் அந்த எண்ணை மின்துடிப்பாக்கி சர்வோவுக்கும் இ.எஸ்.சி.க்கும் தருகிறது. துடிப்பு 1,500 மைக்ரோநொடி நீண்டால் சக்கரம் நேராக நிற்கும். 1,000 என்றால் ஒரு பக்கக் கடைசி, 2,000 என்றால் மறுபக்கக் கடைசி. வழக்கமான சர்வோவுக்கு இந்தத் துடிப்பு நொடிக்கு 50 முறை போகிறது.

இந்த ஏற்பாட்டின் தொடக்கம் 1898. அந்த ஆண்டு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஒரு தொட்டி நீரில் சிறு படகை விட்டு, கம்பித் தொடர்பே இல்லாமல் அதைத் திருப்பிக் காட்டினார் நிக்கோலா டெஸ்லா. அதற்கான அமெரிக்கக் காப்புரிமை அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி அவருக்குக் கிடைத்தது.

டயர் தேயும், பல்சக்கரம் உடையும், பாடி நொறுங்கும். வண்டி மூன்று மாறினாலும் டிரான்ஸ்மிட்டர் ஒன்றே போதும். அதனால் இந்தப் பொழுதுபோக்கில் நிதானமாக வாங்க வேண்டிய பொருள் அதுதான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பவை இரண்டு: எத்தனை சானல், எத்தனை கிலோமீட்டர். வாங்குபவர் பார்க்க வேண்டியவையோ வேறு.

எந்த அலைவரிசை

பழைய ரிமோட்டுகள் 27 மெகாஹெர்ட்ஸில் இயங்கின. அந்த அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதனால்தான் அவற்றில் இழுத்து நீட்டும் கம்பி ஆன்டெனா இருந்தது. ஒவ்வொரு ரிமோட்டும் தனக்குள் இருந்த படிகம் குறித்த ஓர் அதிர்வெண்ணிலேயே பேசும். 26.995 முதல் 27.255 வரை வழக்கத்தில் இருந்தவை ஆறே இடங்கள். ஒரே இடத்தில் இரண்டு பேர் ரிமோட்டைப் போட்டால், ஒருவர் திருப்பியதில் இன்னொருவர் கார் சுவரில் மோதும். பந்தயத் திடல்களில் யார் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறார் என்று காட்ட ஆன்டெனாவில் வண்ணக் கொடி கட்டும் வழக்கம் இதனால் வந்தது.

இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பொழுதுபோக்கு ரேடியோக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறின. இங்கே அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், கால் அலை நீளமுள்ள ஆன்டெனா 3 சென்டிமீட்டர்தான். ஆன்டெனா குறுகியதைவிடப் பெரிய மாற்றம், அதிர்வெண் தாவல். டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் தங்களுக்குள் முன்பே ஒத்துக்கொண்ட வரிசையில் நொடிக்குப் பல முறை ஓர் அதிர்வெண்ணிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகின்றன. ஓரிடத்தில் வைஃபை குறுக்கிட்டால் அந்த ஒரு தகவல் மட்டும் போகும். அடுத்தது வேறிடத்தில் வந்து சேரும். நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தெய்லும் 1942-இல் பெற்ற காப்புரிமையில் இதே எண்ணம் இருக்கிறது. பியானோவின் கட்டைகளைப்போல 88 அதிர்வெண்களுக்குள் தாவி, எதிரி குறுக்கிட முடியாதபடி டார்பிடோவை ஓட்டுவது அவர்கள் திட்டம்.

இந்தியாவில் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசைக்கு 2005-ஆம் ஆண்டு விதிகள் உரிம விலக்கு அளித்தன. டிரான்ஸ்மிட்டரின் வெளியீடு 1 வாட்டுக்குள்ளும், ஆன்டெனாவின் குவிப்பையும் சேர்த்த வீச்சு 4 வாட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். பொழுதுபோக்கு ரிமோட்டுகள் பெரும்பாலும் 0.1 வாட் அளவில் நிற்பவை. வரம்பைத் தொடுவதே இல்லை.

நெடுந்தூர ரேடியோக்கள் இதைவிடத் தாழ்ந்த அதிர்வெண்ணில் வருகின்றன. அவற்றை வாங்கும்போது கவனம் தேவை. இந்தியாவில் விலக்குப் பெற்ற பகுதி 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்கச் சந்தைக்கான 915 மெகாஹெர்ட்ஸ் மாடல்கள் 902 முதல் 928 வரை தாவுபவை. இந்தியாவில் 890 முதல் 915 வரையான பகுதியில்தான் கைப்பேசிகள் கோபுரத்தோடு பேசுகின்றன. அதில் ஒரு பங்கை இந்த மாடல்கள் மிதிக்கும். ஐரோப்பிய மாடல்களும் 863-இல் தொடங்கி 868-ஐத் தாண்டுவதால் விதிக்குள் அடங்குவதில்லை. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் போன்ற திறந்த மென்பொருளில் இந்தியாவுக்கென்றே 866 என்ற அமைப்பு இருக்கிறது. அதைத் தேர்ந்து நிறுவ வேண்டும்.

நிலமும் அலையும்

ரேடியோ எவ்வளவு தூரம் எட்டும் என்பது வண்டி ஓடும் நிலத்தையும் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, சென்னை அருகே வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடத்துக்கு முன்னால் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. மேடு பள்ளம் அதிகமில்லாத நிலம், ஏரிகள், கல் நட்டு வீடு எழாத மனைப்பிரிவுகள், அவற்றைச் சுற்றித் தகரக் கூரை வேய்ந்த தொழிற்கூடங்கள் என்பது அது அமைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தின் பொதுவான தோற்றம். கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில்தான், இருங்காட்டுக்கோட்டையில், 1990-இல் திறந்த மோட்டார் பந்தயத் தடமும் இருக்கிறது. ரேடியோ வண்டி ஓட்டுபவருக்கு வேண்டிய எல்லாப் பரப்பும், ரேடியோ அலைக்கு வரும் எல்லாச் சோதனையும் இங்கே அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன.

தடையற்ற வெளியில் தூரம் இரட்டிப்பானால் வந்துசேரும் சக்தி நான்கில் ஒரு பங்காகும். பெட்டியில் அச்சிடும் கிலோமீட்டர் கணக்கு இந்த நிலைக்குரியது. வானில் பறக்கும் விமானத்துக்குப் பொருந்துவது. தரையை ஒட்டி ஓடும் காருக்கு நிலை வேறு. நேராக வரும் அலையோடு, தரையில் பட்டுத் திரும்பும் அலையும் ரிசீவரைச் சேர்ந்து, ஒன்றை ஒன்று பெருமளவு அழிக்கிறது. டிரான்ஸ்மிட்டர் இடுப்புயரத்திலும் ரிசீவர் ஆன்டெனா தரையிலிருந்து 10 சென்டிமீட்டரிலும் இருந்தால், சில மீட்டருக்கு அப்பாலேயே இந்த விளைவு தொடங்கிவிடும். அதன்பின் தூரம் இரட்டிப்பானால் சக்தி ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே ஒரு கிலோமீட்டர் எட்டும் என்று சொல்லப்பட்ட ரேடியோ, சமதரையில் காருக்கு அதில் சிறு பங்கே எட்டினால் அது ஏமாற்று அல்ல, இயற்பியல்.

இதற்கு மருந்தும் அதே கணக்கில் இருக்கிறது. ஆன்டெனாவின் உயரத்தை இரட்டிப்பாக்கினால், வந்துசேரும் சக்தி ஏறத்தாழ நான்கு மடங்காகும். காரோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் ரிசீவர் ஆன்டெனாவைச் செங்குத்தாக நிறுத்துவதன் பயன் இது. குழாயை வெட்டி எறிந்து ஆன்டெனாவைப் பேட்டரிக்கு அடியில் சுருட்டி வைப்பவர், அதிக சக்தியுள்ள ரிமோட் வாங்கியும் இழந்ததை மீட்க முடியாது. ஆன்டெனாவின் நுனி காட்டும் திசையில்தான் அலை மிகக் குறைவாகப் போகும். ஆகவே டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவை வண்டியை நோக்கித் துப்பாக்கிபோல நீட்டுவதும் தவறு.

தகரச் சுவர்களுக்கு அருகே வேறொரு தொல்லை. பல திசைகளிலிருந்து திரும்பி வரும் அலைகள் சில புள்ளிகளில் கூடி, சில புள்ளிகளில் அழியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தப் புள்ளிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டர் அளவே இடைவெளி. ஓரிடத்தில் திணறும் வண்டியைக் கையால் சற்று நகர்த்தினால் சரியாவது இதனால்தான். இரண்டு ஆன்டெனா உள்ள ரிசீவரில் ஒன்று அழிவுப் புள்ளியில் இருக்கும்போது மற்றது நல்ல இடத்தில் இருக்க வாய்ப்புண்டு. ஆலைச் சுவரோரம் ஓட்டுபவருக்கு அந்தக் கூடுதல் செலவு தகும்.

ஏரியில் விடும் படகுக்கு, ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை 2.4 கிகாஹெர்ட்ஸ் போதும். நீருக்குள் இந்த அலை சில சென்டிமீட்டரிலேயே தேய்ந்துவிடும். மாதிரி நீர்மூழ்கி செய்பவர்கள் இன்றும் பழைய தாழ் அதிர்வெண் ரேடியோவைத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

தூரத்துக்குக் கண்ணும் ஓர் எல்லை வைக்கிறது. பத்தில் ஒரு பங்கு அளவிலான கார் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம். 100 மீட்டருக்கு அப்பால் அது, கை நீட்டிப் பிடித்த கொத்தமல்லி விதை அளவுக்குத்தான் தெரியும். அது முன்னே வருகிறதா, விலகிப் போகிறதா என்று தெரியாத தூரத்தில் சிக்னல் இருந்தும் பயனில்லை. கார் ஓட்டுபவருக்கு 200 மீட்டர் உறுதியாக எட்டினால் போதும்.

துப்பாக்கிப் பிடியா, இரட்டை ஸ்டிக்கா

டிரான்ஸ்மிட்டர்கள் வடிவில் இரண்டு வகை. துப்பாக்கிப் பிடி வகையில் ஆட்காட்டி விரல் டிரிகரை இழுத்தால் வேகம். முன்னால் தள்ளினால் பிரேக், பின்னோட்டம். மறுகை ஒரு சிறு சக்கரத்தைத் திருப்பினால் வண்டி திரும்பும். கார் ஓட்டிப் பழகியவருக்கும் புதியவருக்கும் இது உடனே கைவரும். ஃப்ளைஸ்கையின் ஜிடி3பி போன்ற மூன்று சானல் மாடல்கள் இந்த வகை.

இரட்டை ஸ்டிக் வகையில் இரு கட்டைவிரல்களும் நான்கு திசை அசைவுகளை ஆள்கின்றன. விமானத்துக்கும் டிரோனுக்கும் இதுவே வழக்கம். இரு பக்கச் சங்கிலித் தடங்களையும் தனித்தனியே ஓட்டும் டாங்கிக்கும், கை, கரண்டி, மேல்தளம் எனப் பல அசைவுகள் உள்ள பொக்லைன் மாடலுக்கும் ஸ்டிக்தான் ஏற்றது. ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்ற ஆறு சானல் ரிமோட் கல்லூரி ரோபோட்டிக்ஸ் மாணவர்களிடையே பரவியதற்குக் காரணம், ஒன்றை வாங்கி எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது.

காரை மட்டும் ஓட்டப் போகிறவர் ஸ்டிக் ரிமோட் வாங்கினால் ஒரு குறை தெரியும். விமானத்துக்கான வேக ஸ்டிக் விட்ட இடத்திலேயே நிற்கும், நடுவுக்குத் திரும்பாது. காருக்கோ விரலை எடுத்ததும் வேகம் நடுநிலைக்கு வர வேண்டும். உள்ளே ஸ்பிரிங் மாட்டி இதைச் சரிசெய்யலாம், அல்லது நடுவுக்குத் திரும்பும் மறு ஸ்டிக்குக்கு வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமல் ஓட்டுபவர் பதற்றத்தில் கையை எடுப்பார். கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

எத்தனை சானல்

ஒரு சானல் என்பது தனித்து ஆளக்கூடிய ஓர் அசைவு. சாதாரண காருக்கு இரண்டு போதும்: திருப்பம், வேகம். பாறை ஏறும் வண்டிக்கு இரண்டு வேக கியர், முன் பின் டிஃபரன்ஷியல் பூட்டு, வின்ச் ஆகியவை சேர்ந்தால் ஐந்து, ஆறு ஆகும். லாரி மாடலில் கியர், விளக்கு, ஹாரன், டிரெய்லர் கொக்கி ஒவ்வொன்றும் ஒரு சானல் கேட்கும். பொக்லைனுக்குப் பெரிய கை, சிறிய கை, கரண்டி, மேல்தளச் சுழற்சி, இரு தடங்கள் என்று குறைந்தது ஆறு. இரட்டை மோட்டார் படகுக்கு மூன்று.

இப்போது செய்திருக்கும் வண்டிக்கும், அடுத்துச் செய்ய எண்ணியிருக்கும் வண்டிக்கும் தேவையானதை எண்ணி, அதன்மேல் ஒன்றிரண்டு கூட்டிக்கொண்டால் போதும். பதினாறு சானல் ரிமோட்டில் இரண்டை மட்டும் பயன்படுத்துபவர் மீதிப் பதினாலுக்கும் விலை கொடுத்திருக்கிறார்.

அளவுகளும் திருத்தங்களும்

பயன்பாட்டில் சானல் எண்ணிக்கையைவிட அதிகம் உதவுபவை சில எளிய அமைப்புகள். முதலாவது கடைசிப்புள்ளித் திருத்தம்: சக்கரம் சட்டத்தில் முட்டும் முன் சர்வோ நின்றுவிடும்படி எல்லை குறிப்பது. இது இல்லாவிட்டால் சர்வோ முட்டிக்கொண்டு முனகும், சூடேறிக் கருகும். இரண்டாவது நடுத்திருத்தம்: கையை விட்டால் வண்டி நேராகப் போக வைப்பது. மூன்றாவது திருப்ப அளவைக் குறைக்கும் இரட்டை விகிதம். நான்காவது எக்ஸ்போ: நடுவில் மென்மையாகவும் ஓரத்தில் கூர்மையாகவும் திரும்பும்படி வளைவைக் கொடுப்பது, வேகமான காரை நேராக ஓட்ட இது பெரிய துணை. ஐந்தாவது நினைவகம்: ஒவ்வொரு வண்டிக்கும் இந்த அளவுகளைத் தனியே சேமிப்பது. ஒரு ரிமோட்டில் மூன்று வண்டி ஓட்டுபவருக்கு இது இன்றியமையாதது.

விளம்பரங்களில் வரும் நுண்மையும் தாமதமும் தொடக்கத்தில் அவ்வளவு பொருட்டல்ல. 1,024 படிகள் உள்ள ரேடியோ, ஒரு படிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோநொடி வரை பிரித்துச் சொல்லும். எளிய சர்வோக்கள் அதைவிடப் பெரிய மாற்றம் வந்தால்தான் அசைகின்றன; 4,096 படிகளை உணர அவற்றால் ஆகாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 11 மீட்டர் போகிறது. ரேடியோ 20 மில்லிநொடி தாமதித்தால் இழப்பது 22 சென்டிமீட்டர். ஓட்டுபவரின் கண்ணும் கையும் எடுத்துக்கொள்ளும் 200 மில்லிநொடியில் இழப்பது 2.2 மீட்டர். பந்தயத்தில் இருப்பவருக்கு அந்த 22 சென்டிமீட்டர் வெற்றி தோல்வி. மற்றவர்களுக்கு அது கணக்கில் வராது.

ரிசீவரும் பேச்சுமொழியும்

டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒரே பேச்சுமொழியில் இருந்தால்தான் இணையும். ஃப்ளைஸ்கைக்கு ஏஎஃப்எச்டிஎஸ், ஸ்பெக்ட்ரமுக்கு டிஎஸ்எம்எக்ஸ், ஃபுடாபாவுக்கு டி-எஃப்எச்எஸ்எஸ் என்று ஒவ்வொரு நிறுவனமும் தனி மொழி வைத்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டிலும் எழுதியிருப்பதால் மட்டும் அவை சேர்ந்துவிடா. ஆகவே டிரான்ஸ்மிட்டரின் விலையோடு அதற்கான ரிசீவரின் விலையையும், அது சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தையில் எளிதில் கிடைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வண்டி கூடக்கூட வாங்கிக்கொண்டே இருப்பது ரிசீவரைத்தான். பல மொழி பேசும் டிரான்ஸ்மிட்டர்களும் இருக்கின்றன. எட்ஜ்டிஎக்ஸ் என்ற திறந்த மென்பொருளில் ஓடும் இவை விரும்பியபடி வளைந்துகொடுக்கும், கற்றுக்கொள்ள நாளாகும்.

ரேடியோவின் மேல் போடப்படும் பழிகளில் பல ரிசீவருக்குப் போகும் மின்சாரத்தால் வருபவை. வலிய சர்வோ சட்டெனத் திரும்பும்போது மின்னழுத்தம் விழுந்து ரிசீவர் ஒரு கணம் அணைந்து மறுபடி எழும். ஓட்டுபவர் சிக்னல் போனதென்று நினைப்பார். திருப்பும்போதெல்லாம் தொடர்பு அறுந்தால், புதிய ரிமோட் வாங்கும் முன் இ.எஸ்.சி.யின் மின் வழங்கலைச் சோதிக்க வேண்டும். வண்டிப் பேட்டரியின் மின்னழுத்தத்தைத் திருப்பி அனுப்பும் டெலிமெட்ரி இருந்தால் இந்த ஆய்வு எளிது. முழு நிலையில் 4.2 வோல்ட் இருக்கும் லித்தியம் பாலிமர் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கெடும் முன் எச்சரிக்கையும் கிடைக்கும்.

சிக்னல் அறுந்தால்

ஒரகடம் வட்டாரத்தில் உள்ளவைபோன்ற ஆலைகளில் மேல்நிலைக் கிரேனை ரேடியோ ரிமோட்டால் ஓட்டுவது வழக்கமான காட்சி. அங்கே முதல் விதி, சிக்னல் அறுந்தால் கிரேன் நிற்க வேண்டும் என்பது. டன் கணக்கில் தொங்கும் இரும்புக்கு உள்ள அதே விதி மூன்று கிலோ காருக்கும் பொருந்தும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் குழந்தையின் காலை முறிக்கப் போதும்.

இந்த ஏற்பாட்டின் பெயர் ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்ததும் ரிசீவர்கள் மூன்றில் ஒன்றைச் செய்கின்றன: கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொள்வது, துடிப்பை அடியோடு நிறுத்துவது, முன்பே பதித்த நிலைக்குப் போவது. முதலாவது அபாயம், முழு வேகத்தில் அறுந்தால் முழு வேகத்திலேயே போகும். மூன்றாவதுதான் வேண்டியது. மின்சாரக் காருக்கு வேகம் நடுநிலைக்கு வரும்படியும், எரிபொருள் காருக்கு பிரேக் பிடிக்கும்படியும், படகுக்கு மோட்டார் நிற்கும்படியும் பதிக்க வேண்டும். ஒவ்வொரு புது ரிசீவரையும் இணைத்ததும் இதை மறுபடி பதிப்பது அவசியம்.

சோதிப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியை ஒரு செங்கல்லின் மேல் ஏற்றி, மெதுவாக வேகம் கொடுத்து, டிரான்ஸ்மிட்டரை அணைக்க வேண்டும். சக்கரம் நின்றால் சரி. ஓட்டும்போது எப்போதும் டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டுக் கடைசியில் அணைப்பதே முறை.

வாங்கும் முன்

உரிமம் வேண்டாத அலைவரிசையானாலும், இறக்குமதியாகும் கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் உபகரண வகை ஒப்புதல் உண்டா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான மின் பொம்மைக் கார் என்றால், 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பறப்பவை 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின் கீழ் வருவதால் காருக்கு வாங்கிய ரிமோட்டை விமானத்துக்கு மாற்றும் முன் அந்த விதிகளையும் அறிந்திருக்க வேண்டும். எந்த வண்டியானாலும் கன்டெய்னர் லாரிகள் விரையும் சாலை அதற்கு இடமல்ல.

முதல் வண்டி காராக இருந்தால் மூன்று சானல் துப்பாக்கிப் பிடியும், பொக்லைன், டாங்கி, ரோபோ என்று விரிய எண்ணினால் ஆறு சானல் ஸ்டிக்கும் போதுமானவை, இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில், நினைவகத்தோடு, ரிசீவர் எளிதில் கிடைக்கும் குடும்பத்தில் இருக்க வேண்டும். அணைத்ததும் சக்கரத்தை நிறுத்தாத ரேடியோ, எத்தனை சானல் வைத்திருந்தாலும் எத்தனை கிலோமீட்டர் எட்டினாலும், வண்டியில் மாட்டத் தகுதியற்றது.